உப்பு எங்கிருந்து வந்தது? நீலகிரி மக்கள் ‘தனித்து வாழ்ந்த’ கதை பற்றி ஒரு சந்தேகம்

#1 சமவெளிவாசி

போன மாதம் குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தோம். வண்டி ஓட்டிய தம்பி பர்லியாறு தாண்டியதிலிருந்து கதைதான். மலையில் எருமை வளர்க்கும் பழங்குடியான தோடர்கள் அலெக்சாண்டர் படையிலிருந்து வழிதவறி வந்த கிரேக்கர்களாம். வெள்ளைக்காரன் 1819இல் மலையேறும் வரை வெளியுலகம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாதாம். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலும் யாரோ இதையே போட்டிருக்கிறார்கள், ‘அனைவருக்கும் பகிரவும்’ என்ற வரியோடு.

ஏழாவது படிக்கும் என் மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “வெளியுலகமே தெரியாதுன்னா உப்புக்கு என்னப்பா பண்ணாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மலையில் உப்பு விளையாது என்பது வரைக்கும்தான் என் அறிவு. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். கொஞ்சம் சொல்லுங்களேன்.

#2 கல்வெட்டுப்பித்தன்

முதலில் மகளுக்கு ஒரு சபாஷ் சொல்லிவிடுங்கள். பெரிய பெரிய ஆய்வாளர்கள் சுற்றி வளைத்து வந்து சேர்ந்த இடத்துக்குக் குழந்தை ஒரே எட்டில் வந்துவிட்டாள்.

1819 கணக்கு சல்லிவனுக்குத்தான் பொருந்தும். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் அந்த ஆண்டு மேலே போனார், கோத்தகிரிப் பக்கம் திம்பட்டியில் பங்களா கட்டினார். அவருக்கு முன்பே, 1812இல் நில அளவைக்காரர்கள் கீஸும் மக்மகோனும் ஏறியிருக்கிறார்கள். அதற்கும் இருநூறு ஆண்டு முன்னால், 1603இல், கள்ளிக்கோட்டையிலிருந்து ஃபெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் ஏறினார். மலைமேல் பழைய கிறித்தவர்கள் யாரோ ஒதுங்கி வாழ்கிறார்கள் என்று ஒரு வதந்தி, அவர்களைத் தேடிப் போனார். கிறித்தவர் எவரும் அகப்படவில்லை. தோடர்களையும் படகர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பி அறிக்கை எழுதினார்.

இன்னும் பின்னால் போனால் 1117. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன் தோடரை அஞ்ச வைத்ததாகவும் நீலமலையைப் பிடித்ததாகவும் சாம்ராஜ்நகர்க் கல்வெட்டு பெருமையடிக்கிறது. மெய்க்கீர்த்தி என்றால் மிகை இருக்கும்தான். ஆனால் கீழே இருக்கும் ராஜாங்கத்துக்குப் பெயரே தெரியாத கூட்டத்தை ‘வென்றேன்’ என்று கல்லில் வெட்ட முடியாதே. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கீழே இருந்தவர்களுக்குத் தோடர் என்ற பெயர் தெரியும்.

#3 கேத்திக்காரன்

உப்பு கேள்விக்கு நான் சொல்றேன். நான் படகர். ஊர் கேத்தி பக்கம் ஒரு ஹட்டி (எங்க ஊர்களை அப்படித்தான் சொல்வோம்), இப்போ வேலை கோயம்புத்தூர்ல.

எங்ககிட்ட ‘உப்பு அட்டுவ ஹப்ப’ன்னு ஒரு பண்டிகை உண்டு. அட்டுவன்னா ஊட்டுறது, ஹப்பன்னா பண்டிகை. ஓடையோரமா பள்ளம் எடுத்து, தண்ணி விட்டு, உப்பைக் கரைச்சு மாடுகளைக் குடிக்க விடுவாங்க. சின்ன வயசுல பார்த்திருக்கேன். எருமை மூக்கு வரைக்கும் விட்டு உறிஞ்சும், கன்னுக்குட்டி பெருசுகளுக்கு நடுவுல தலையை நுழைச்சுப் பார்த்துட்டு முடியாம நிக்கும். தோடர்களும் அவங்க எருமைக்கு உப்பு கொடுக்கிறதைச் சடங்காவே செய்வாங்க. பெரிய மந்தைகளுக்கு அது வருஷத்துல முக்கியமான நாள்.

இப்போ யோசிங்க. கீழ இருந்து வர்ற பொருள் அது. அதை வச்சு ஒரு பண்டிகையே இருக்குன்னா எத்தனை தலைமுறையா வந்துக்கிட்டு இருக்கணும்?

#4 சந்தேகசாமி

எல்லாம் சரி. ஆனா கிரேக்கர் விஷயத்தை அப்படியே தள்ளிட முடியுமா? தோடர் ஆட்களைப் பாருங்க. உயரம், மூக்கு, தாடி, உடம்பைச் சுத்திப் போர்த்துற வெள்ளைத் துணி. ரோமாபுரி சிலை மாதிரியே இருப்பாங்க. நெருப்பில்லாம புகையுமா?

#5 சொல்லாய்வான்

புகைக்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தோடரின் தாடியைப் பார்த்து, இஸ்ரவேலின் காணாமல்போன கோத்திரம் முதல் ரோமானியர் வரை மனம் போன போக்கில் எழுதி வைத்தார்கள். பிறகு கிரேக்க இளவரசர் பீட்டர் 1939இல் ஆய்வுக்கு வந்து சுமேரியத் தொடர்பு என்று சொன்னார். கிரேக்க அரச குடும்பத்து ஆளே கிரேக்கத்தொடர்பு என்று சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள் :)

மூக்கை விடுங்கள், மொழியைப் பாருங்கள். தோடர் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் ‘ஓள்’. நம்முடைய ‘ஆள்’தான் அது. தமிழில் ‘ஆ’ என்று நீளும் இடத்தில் தோட மொழியில் ‘ஓ’ வரும். எருமைக்கு அவர்கள் சொல் ‘இர்’. அவர்கள் குடியிருப்பை நாம் ‘மந்து’ என்கிறோமே, அது மன்று, மந்தை என்னும் சொற்களின் உறவு. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியபோதே தோடத்தையும், மலையின் இன்னொரு குடியான கோத்தரின் கோத்தத்தையும் அந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார். 1930களில் மொழியியலாளர் எமனோ இந்தியாவில் மூன்று ஆண்டு தங்கி இரண்டு மொழிகளையும் விரிவாகப் பதிவு செய்தார். தோடமும் கோத்தமும் தமிழுக்குப் பங்காளிகள், அதிலும் நெருங்கியவர்கள்.

காதுக்கு மட்டும் அந்நியமாக இருக்கும், அது உண்மை. நமக்கு ர, ற இரண்டையும் பிரித்துச் சொல்லவே வாய் வரமாட்டேன் என்கிறது. அவர்கள் நாக்கை மூன்று இடத்தில் வைத்து மூன்று விதமாக ரகரம் உருட்டுவார்கள்.

#6 சந்தேகசாமி

சரி, மூக்கை வாபஸ் வாங்கிக்கிறேன். துணியை விடமாட்டேன்.

#7 நூல்கணக்கு

துணி விஷயத்துக்கு நான் வரேன் அண்ணா. ஊட்டியில ஒரு கைவினைக் கடையில நாலு வருஷம் கணக்கு எழுதினேன். தோடப் பெண்கள் சால்வை கொண்டு வந்து கொடுப்பாங்க, வெயில் வந்தா வாசல்லயே உட்கார்ந்து தைப்பாங்க.

அந்தச் சால்வைக்குப் பேரு பூத்துக்குளி. தையலை ‘புகூர்’னு சொல்வாங்க. நெசவு கொஞ்சம் இளக்கமா இருக்கிற வெள்ளைப் பருத்தித் துணி, அதுல சிவப்பும் கறுப்பும். வரைபடம் கிடையாது, பென்சில் கோடு கிடையாது, சட்டம் போட்டு இழுத்துக் கட்டுறதும் கிடையாது. துணியோட இழையை எண்ணிக்கிட்டே ஊசியை விடுவாங்க. ஒரு இழை தப்பினா வரிசையே கோணிக்கும். பேசிக்கிட்டேதான் தைப்பாங்க, ஆனா எண்ணிக்கை விடாது. நான் ஒருநாள் குறுக்கே ஏதோ விலை கேட்டுட்டேன். ஒரு பாட்டி ஊசியை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அதுக்கப்புறம் நூல் மாத்துற நேரம் வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்.

ஊசி திரும்புற இடத்துல சின்னதா ஒரு வளையம் விட்டு இழுப்பாங்க. அதனால ஒரு பக்கம் மேடா, தடவினா நெல்மணி மாதிரி கையில தட்டும். வாங்க வர்றவங்க வழவழன்னு இருக்கிற பக்கத்தைத்தான் நல்ல பக்கம்னு நினைப்பாங்க. அவங்களுக்கு அந்த முரட்டுப் பக்கம்தான் முன்பக்கம்.

கேள்விக்கு வரேன். தைக்கிறது அவங்க. துணி? தோடர்கள் நெய்யமாட்டாங்க, தறியே கிடையாது. அந்த வெள்ளைத் துணி எப்பவும் வெளியில இருந்து வந்ததுதான். நீங்க ரோமாபுரின்னு சொன்ன அந்தத் துணியை நம்ம சமவெளி நெசவாளர் யாரோதான் நெய்திருப்பாரு :) தையலுக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது. இப்போ அதே மாதிரி மிஷின் தையல் போட்டு பாதி விலைக்கு விக்கிறாங்க, அது தனி வயித்தெரிச்சல்.

#8 சந்தேகசாமி

துணியும் வாபஸ் தங்கச்சி.

#9 சமவெளிவாசி

அட, உப்பு கீழேயிருந்து, துணி கீழேயிருந்து. மகளிடம் சொன்னேன். “அப்போ இரும்பு?” என்கிறாள். நான் அகப்பட்டுக்கொண்டேன்.

#10 கல்வெட்டுப்பித்தன்

இரும்பும் கீழேதான். ஆனால் கருவியாக வரவில்லை, இரும்பாக வந்தது. அதை அடித்துக் கத்தியாக, ஏர்க்கொழுவாக, அரிவாளாக ஆக்கியவர்கள் கோத்தர்கள். இங்கேதான் நீலகிரியின் உண்மையான சுவாரசியம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோடர் எருமை வளர்ப்பவர்கள், புலால் தொடாதவர்கள். பாலும் நெய்யும் அவர்களிடமிருந்து. கோத்தர் ஏழு ஊர்க்காரர்கள், ஊருக்குக் கோக்கால் என்று பெயர். கோத்தகிரி என்ற பெயரே அவர்களால் வந்தது. கொல்லு வேலை, தச்சு வேலை ஆண்களுக்கு, மண்பானை வனைவது பெண்களுக்கு, அதோடு வாத்திய இசை. படகர் பிறகு வந்தவர்கள், விஜயநகரம் 1565இல் வீழ்ந்ததை ஒட்டி மைசூர்ச் சீமையிலிருந்து ஏறியவர்கள் என்பார்கள். வடக்கேயிருந்து வந்ததால் படகர். சாமையும் ராகியும் அவர்களிடமிருந்து. சரிவுக் காடுகளில் குறும்பர், தேனும் பிரம்பும் மூங்கில் கூடையும் அவர்களிடமிருந்து. இன்னும் கீழே இருளர்.

இது சந்தை மாதிரி இல்லை. ஒரு படகர் குடும்பத்துக்கு இன்ன கோத்தர் குடும்பம் என்று பரம்பரையாக இருந்தது. கொழு உடைந்தால் விலை பேசுவதில்லை, அவர் செய்து தருவார். அறுவடையானதும் தானியத்தில் அவருக்குப் பங்கு போகும். சாவு விழுந்தால் அவர்தான் வாத்தியத்தோடு வருவார். 1937இல் மானிடவியலாளர் மாண்டல்பாம் வந்து ஆராய்ந்து எழுதியபோது இந்த முறையின் கடைசிக் காலம். பணம், ரயில், உருளைக்கிழங்கு, தேயிலை எல்லாம் வந்து அதன் முதுகெலும்பு ஏற்கெனவே முறிந்திருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலேயே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது, ஊட்டிக்கு 1908. கீழேயிருந்து செய்த கத்தியே மூட்டை மூட்டையாக வரும்போது கொல்லுப்பட்டறைக்கு என்ன வேலை?

#11 கேத்திக்காரன்

அந்த உறவுக்கு எங்க பாஷையில ‘முட்டு’ன்னு பேரு. ‘எங்க முட்டுக் கோத்தர்’னு ஹெத்தே சொல்லுவாங்க. ஹெத்தேன்னா பாட்டி. எங்க தெய்வம் ஹெத்தை அம்மனும் அதே சொல்தான்.

#12 மலைநாடன்77

படிக்கவே எவ்வளவு அழகாக இருக்கிறது! காசு இல்லை, போட்டி இல்லை, பொறாமை இல்லை. ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி வாழ்ந்த பொற்காலம். நாம்தான் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டோம்.

#13 கோவ்

பொற்காலம்னு சொன்னவருக்கு ஒரு வணக்கம். நான் கோத்தர். நாங்க எங்களைச் சொல்லிக்கிறது ‘கோவ்’, அதான் இந்தப் பேரு. ரெண்டு நாளா படிச்சிட்டு சும்மா இருந்தேன், இப்போ எழுதாம முடியல.

கொடுத்து வாங்கினது நிஜம். ஆனா எல்லாரும் ஒரே திண்ணையில உட்கார்ந்து கொடுத்து வாங்கல. சாவு வீட்டுக்கு வாசிக்கப் போறோம், தோடர் சாவுல வெட்டின எருமையை நாங்க எடுத்துக்கறோம், அதனால எங்களைக் கீழன்னு வச்சாங்க. எங்க தாத்தாக்கள் தலைமுறையிலயே இதுக்கு எதிர்ப்பு வந்தாச்சு. மாண்டல்பாமுக்கும் எமனோவுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னது யாருன்னு இங்க ஒருத்தரும் எழுதல. சுள்ளின்னு எங்க ஆள், பள்ளிக்கூட ஆசிரியர். முடியைக் கத்தரிச்சுக்கிட்டதுக்கே அவரை ஊர்ல எதிர்த்தாங்க. செத்த மாட்டிறைச்சியை விடணும், அடுத்தவன் சாவுக்கு வாசிக்கிறதை விடணும்னு பேசினவரு. இன்னொரு பக்கம் படகர்லயே படிச்சவங்க ‘கோத்தர் வாத்தியம் வேண்டாம்’னு 1930கள்ல கிளம்பினாங்க, பழைய ஆளுங்க ‘வேணும்’னாங்க. அவங்களுக்குள்ள அடிதடி வரைக்கும் போச்சு. எங்க கொள் (ஊதுற வாத்தியம்) சத்தத்துக்காக ரெண்டு படகர் கூட்டம் மோதிக்கிட்டது. கேட்டா சிரிப்பா இருக்கும்.

இன்னொண்ணு. ‘கோத்தர்னா கொல்லர், மேளக்காரர்’னு எல்லாரும் எழுதிட்டுப் போயிடறாங்க. நாங்க விவசாயமும் பண்ணினோம், மாடும் வளர்த்தோம். வாசிப்பு எங்க சாமிங்க அய்னோர் அம்னோருக்குத்தான் முதல்ல. மார்கழி தை வாக்குல சாமி விழாவுக்கு இப்பவும் ராத்திரி முழுக்கக் கொள்ளும் தபட்க்கும் (தோல் மேளம்) சத்தம் நிக்காது. ஆம்பளைங்க ஆடி முடிச்சா பொம்பளைங்க ஆடுவாங்க. அதுக்கு யாரும் தானியம் அளக்க வேண்டியதில்லை.

#14 மலைநாடன்77

மன்னிக்கவும். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

#15 கோவ்

தெரியும். அதனாலதான் கோவப்படாம எழுதினேன் :)

#16 சந்தேகசாமி

குறும்பர் கதையையும் சேர்த்துக்கோங்க. அந்தப் ‘பொற்கால’த்துல படகர் விதைக்கணும்னா குறும்பர் வந்து முதல் விதை போடணும். அவ்வளவு மரியாதை. அதே குறும்பரைப் பில்லி சூனியம் வைக்கிறவன்னு பயந்து, ஊர்ல குழந்தை செத்தா மாடு செத்தா அவங்க குடிசையைத் தேடிப் போய்க் கொன்னிருக்காங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுல பல தடவை நடந்து பதிவாகியிருக்கு. மரியாதை, பயம், கொலை மூணும் ஒரே இடத்துல. சந்தேகப்படறது என் தொழில், ஆனா இதுல சந்தேகமே இல்லை.

#17 கேத்திக்காரன்

அதை மறுக்கல. எங்க பக்கத்து வயசானவங்க இன்னைக்கும் சாயங்காலம் குறும்பர் பேரை எடுத்தா பேச்சை மாத்துவாங்க.

ஆனா எங்க சாவுச்சடங்குல ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். ‘கரு ஹரச்சோது’ன்னு பேரு. பிணத்தை வச்சுக்கிட்டு ஒரு பெரியவர் செத்தவரோட பாவத்தை வரிசையா சொல்லுவாரு. எல்லைக் கல்லை நகர்த்தினது பாவம், வழி கேட்டவனுக்குத் தப்பு வழி காட்டினது பாவம், கூடப்பிறந்தவங்களை விரட்டினது பாவம்னு போகும். சுத்தி நிக்கிற கூட்டம் ‘பாவம்’னு திருப்பிச் சொல்லும். செத்தவர் அதெல்லாம் செஞ்சாரா இல்லையாங்கறது கேள்வி இல்லை, முன்னோர் செஞ்சதும் சேர்த்துதான். பழைய காலத்துல ஒரு கன்னுக்குட்டியை அந்தப் பாவத்தோட ஓட்டி விடுவாங்க. என் தாத்தா செத்தப்போ நான் அதைக் கேட்டுட்டு நின்னேன். எல்லைக் கல் வரி வந்தப்போ என் பெரியப்பா லேசா இருமினாரு. எங்க வீட்டுல எல்லாருக்கும் காரணம் தெரியும்.

#18 தேயிலைக்கொழுந்து

இருமல் :)

எல்லைக் கல்னு வந்ததால கேக்கறேன். நிலம் எப்படிப் போச்சு? நாங்க குன்னூர் பக்கம். என் பாட்டி இலங்கை நுவரெலியாவுல கொழுந்து கிள்ளினவங்க. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் எங்க ஆளுங்களை இங்க அனுப்பினாங்க. எங்களுக்காகத்தான் 1968ல அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சாங்க. பாட்டி எப்பவும் சொல்லும், “அங்கயும் மலை, இங்கயும் மலை, ரெண்டுமே நம்மளது இல்லை.” யாரோட மலையில நாங்க வந்து உட்கார்ந்தோம்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும்.

#19 கல்வெட்டுப்பித்தன்

சகோதரி, உங்கள் பாட்டி சொன்னதற்கு நான் ஒன்றும் சேர்க்க முடியாது. நிலத்தின் கதையை மட்டும் சொல்கிறேன்.

சல்லிவன் 1822இல் ஊட்டியில் கல் பங்களா கட்ட ஆரம்பித்தார், இன்றைக்கு அரசு கலைக்கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதற்கான நிலத்தைத் தோடரிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார். அடிமாட்டு விலை என்று எல்லோரும் திட்டுவோம், திட்ட வேண்டியதுதான். ஆனால் கதையில் ஒரு திருப்பம் உண்டு. காசு கொடுத்து வாங்கினால் விற்றவன் உரிமையாளன் என்று ஆகிறதல்லவா? சல்லிவன் அதையே பிடித்துக்கொண்டு, மலை தோடருக்குச் சொந்தம், அரசு எடுத்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்று பிறகு வாதாடினார். சென்னை கவர்னராக இருந்த லஷிங்டன் ஒப்பவில்லை. தோடருக்கு மேய்ச்சல் உரிமை உண்டு, நிலம் சர்க்காருடையது என்ற பக்கம்தான் கடைசியில் காற்று அடித்தது.

அடுத்து கண்ணோட்டம். அந்த மலையின் இயற்கை என்பது பள்ளத்தில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி. தோடர் எருமைக்குப் புல்வெளிதான் உயிர். வெள்ளைக்காரன் கண்ணுக்கும் பிறகு நம் அதிகாரிகள் கண்ணுக்கும் மரம் இல்லாத இடம் தரிசு. 1840களில் யூக்கலிப்டஸ் வந்தது, வாட்டில் வந்தது, பிறகு பைன் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இன்னும் வேகமாக நட்டார்கள். சுற்றுலா போகிறவர்கள் பைன் காட்டில் நின்று படம் எடுத்து ‘இயற்கை’ என்று போடுகிறார்கள். அந்த மரத்தடியில் எருமைக்கு ஒரு வாய்ப் புல் கிடையாது.

#20 சமவெளிவாசி

நானும் எடுத்தேன். பைன் காட்டில். முகப்புப் படமாகவும் வைத்திருக்கிறேன். மாற்றிவிடுகிறேன்.

#21 நூல்கணக்கு

தோடர் வீடு பார்த்தீங்களா அண்ணா? பாதி பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி, பிரம்பும் மூங்கிலும் வளைச்சு மேல புல் வேய்ஞ்சது. வாசல் மூணடி உயரம்தான், தவழ்ந்துதான் போகணும். இப்போ முக்கால்வாசிப் பேர் கான்கிரீட் வீட்டுலதான் இருக்காங்க, பழைய வீடு புதுசா கட்டணும்னா அந்தக் காட்டுப் புல்லும் பிரம்பும் கிடைக்கிறதே கஷ்டம். பைன் நட்ட இடத்துல அது முளைக்காது இல்லையா?

முத்தநாடு மந்துல கூம்பு மாதிரி உயரமா ஒரு கோயில் இருக்கு. அங்க வருஷக் கடைசியில ஆம்பளைங்க எல்லாம் கூடி ஆடுவாங்க, இளவட்டக்கல் தூக்குவாங்க. பொம்பளைங்களுக்கு அனுமதி இல்லை. அதனால எனக்கு அதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்லை, பேப்பர்ல படம் பார்த்ததுதான்.

#22 சொல்லாய்வான்

முத்தநாடு பற்றிச் சொன்னதால் ஒன்று. தோடரின் பால்மாடம்தான் கோயில். எருமையைக் கறப்பது, கடைவது, நெய் எடுப்பது எல்லாம் பூசை. மானிடவியலாளர் ரிவர்ஸ் 1901, 1902இல் வந்து ஆராய்ந்தபோது, மிக உயர்ந்த மந்தையைப் பார்க்கும் பூசாரி எந்த வழியில் நடக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்குப் பக்கம் பக்கமாக விதி எழுதியிருக்கிறார். பால் என்பது நமக்குக் காப்பிக்கு ஊற்றுவது. அவர்களுக்கு அதைச் சாதாரணப் பாத்திரத்துக்கு மாற்றுவதற்கே ஓர் இடைப்பாத்திரம் வேண்டும்.

மக்கள்தொகையையும் சொல்ல வேண்டும். 1901இல் தோடர் சுமார் 800 பேர். 1950களில் 500க்கு அருகே இறங்கிவிட்டார்கள், இனி அவ்வளவுதான் என்று எழுதியவர்கள் உண்டு. அப்போது மந்து மந்தாகப் போய் வைத்தியம் பார்த்தவர் ஏவம் பில்ஜெயின், தோடரிலேயே பிறந்து இங்கிலாந்தில் செவிலியர் பயிற்சி பெற்றவர். 2011 கணக்கெடுப்பில் சுமார் 2000. காப்பாற்றியவர் வெளியிலிருந்து வரவில்லை, அதனால்தான் குறிப்பாகச் சொல்கிறேன்.

#23 மலைநாடன்77

ஒரு கேள்வி, யாரும் அடிக்க வரக்கூடாது. படகர்கள் தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கேட்கிறார்களே. 1565க்குப் பிறகு வந்தவர்கள் என்றால் எப்படி?

#24 கேத்திக்காரன்

தெரியும், இந்தக் கேள்வி வரும்னு.

ஃபெனிசியோ 1603ல ஏறினப்பவே படகர் ஊர்களைப் பார்த்திருக்காரு. அப்போ நாங்க எப்ப வந்தோம்? நாப்பது வருஷத்துக்குள்ள ஓடி வந்து, காடு திருத்தி, ஊர் கட்டி, கோத்தரோட முட்டு வச்சு, குறும்பரை விதைக்கக் கூப்பிட்டு, எல்லாம் முடிச்சாச்சா? கொஞ்சம் கொஞ்சமா, அதுக்கும் முன்னாடி இருந்தே வந்திருப்பாங்கன்னு என் எண்ணம். எங்க பாஷை கன்னடத்துக்குப் பக்கம், அதை மறைக்க ஒண்ணும் இல்லை. பட்டியல் விஷயம் நீதிமன்றம், அரசாங்கம் பார்க்க வேண்டியது. நான் இங்க வாதாடல.

#25 நெறியாளர்

நன்றி. பட்டியல் விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வரலாறு மட்டும்.

#26 கேத்திக்காரன்

வரலாறுதான். நேத்து ஊருக்குப் போயிருந்தேன். இந்த இழை மண்டைக்குள்ளயே ஓடிச்சு, அதனால ஹெத்தேகிட்ட கேட்டேன், நம்ம முட்டுக் கோத்தர் எந்த ஊருன்னு. தொண்ணூறு தாண்டியாச்சு, காது மந்தம். ரெண்டு தடவை கத்தினதுக்கு அப்புறம் எழுந்து அட்டாலியைக் காட்டினாங்க. ஏணி போட்டு ஏறினா சாக்குக்குள்ள சுத்தி ஒரு அரிவாள். பிடி பாதி உளுத்துப் போச்சு. இரும்பு அப்படியே இருக்கு, பிடிக்குப் பக்கத்துல சம்மட்டி அடி விழுந்த குழி குழியா தெரியுது. ‘கொல்லிமலைக்காரன் அடிச்சது’ன்னாங்க. நாமக்கல் கொல்லிமலை இல்லை, எங்க பக்கத்துக் கோக்கால்.

அவங்க சொன்னது: அறுப்பு முடிஞ்சா அவர் வருவாரு. திண்ணையில உட்காருவாரு. ராகி அளந்து கொட்டுவோம். காப்பி கொடுப்போம், தனி டம்ளர்ல. உள்ள வரமாட்டாரு.

“வரமாட்டாரா, வரக்கூடாதா?”ன்னு கேட்டேன். காது கேக்காத மாதிரி இருந்துட்டாங்க. ரெண்டு தடவை கத்தவும் எனக்கு மனசு வரல.

#27 கோவ்

படம் போடுங்க. எங்க பெரியவங்க சிலர் அடியைப் பார்த்தே எந்தக் கேரின்னு (தெருன்னு) சொல்லுவாங்க, ஊர்ல இருக்கிற மூணு கேரில எதுன்னு.

#28 கேத்திக்காரன்

போட்டிருக்கேன் அண்ணா, பாருங்க. வெளிச்சம் சரியில்லை. நேர்லயே கொண்டு வரட்டுமா? வர்ற ஞாயித்துக்கிழமை?

#29 கோவ்

படத்துல தெரியல. ஞாயிறு வேணாம், சாமி விழா ஆரம்பிக்குது, வெளியாளுங்களோட உட்கார்ந்து பேச முடியாது. தை கழிச்சு வாங்க. பிடி போடாம கொண்டு வாங்க, பழைய உளுத்த பிடியையும் சேர்த்து. காப்பி எங்க வீட்டுல, உள்ள உட்கார்ந்து.

#30 சமவெளிவாசி

அரிவாள் யாருடையது என்று தெரிந்ததும் இங்கே எழுதிவிடுங்கள். மகள் தினமும் கேட்கிறாள். அடுத்த கேள்வியும் தயாராம்: “அந்த இரும்பு எந்த ஊர்லேர்ந்து மேல போச்சுப்பா?”